கொர்பாலிக்கின் நாற்பத்தோராவது ஆள்

முதலில் சத்தம்தான் கேட்டது. காலிக் குடங்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்கிற சத்தம். பங்குனி மாதத்துச் சாத்தூரில் அந்தச் சத்தத்துக்கு யாரும் தலைநிமிர்வதில்லை, தண்ணி லாரி வருகிற நாள் போலிருக்கிறது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். மெய்ப்புத் திருத்துகிற தவசிலிங்கமும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு, சிவப்புப் பேனாவைக் கீழே வைக்காமல் கண்ணை மட்டும் ஒரு தரம் கசக்கிக்கொண்டார். சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கிற பிரஸ்ஸில் ராத்திரி ஷிப்டு முடித்து, விடிகாலை பஸ்ஸைப் பிடித்து, வீட்டுக்குப் போகாமல் நேரே இந்த மாடிக்கு வந்து உட்காருகிறவர் அவர், இருபத்தாறு வருஷமாக அதுதான் வழக்கம். ராத்திரி வேலைக்காரனுக்குப் பெண் கொடுக்கலாமா வேண்டாமா என்று ஊர் யோசித்து முடிப்பதற்குள் அவருக்கு ஐம்பத்திரண்டு வயதாகிவிட்டது.

ஆனால் அன்றைக்கு அந்தச் சத்தம் தெருவோடு போகவில்லை. வாசலில் நின்றது, யோசித்தது, பிறகு மாடிப்படி ஏறியது. பிளாஸ்டிக் குடத்துக்கு ஒரு சத்தம் உண்டு, எவர்சில்வர் குடத்துக்கு ஒரு சத்தம் உண்டு, இது இரண்டும் இல்லை. செம்பு. அதுவும் தூரத்திலிருந்து வந்து களைத்துப்போன செம்பு.

அது சாத்தூர் நடு ஆசிய ஆய்வுக் கழகத்தின் மாடி. பேனா நிப்பு செய்து ஊர் ஊராக அனுப்பிய முதலாளி ஒருவர், நிப்புப் பொட்டலம் மடிக்கப் பழைய பேப்பர் கட்டு வாங்கியபோது, அதற்குள் முதுகு பிய்ந்த அட்லஸ் ஒன்று கிடந்ததாம். விரித்த பக்கத்தில், மஞ்சளும் பழுப்புமாய், ஆறுகள் கடலைப் பார்க்காமலேயே மணலுக்குள் முடிந்துபோகிற ஒரு பெரிய தேசம் தெரிந்ததாம். இது நம்ம வைப்பாறு மாதிரில்லா இருக்கு என்று அவர் சாப்பாட்டை மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாராம், அந்த வருஷமே கம்பெனி மாடியில் கழகம் பிறந்துவிட்டது. ஓய்வுபெற்ற பூகோள வாத்தியார், பல் டாக்டர், சேவுக் கடைக்காரர், பஸ் கண்டக்டர் என்று முப்பத்தொரு பேர். ஒருவரும் நடு ஆசியாவைப் பார்த்ததில்லை. பார்க்கவும் கூடாது. அது விதி. கண்ணால் பார்த்தவன் கதைவிடுவான், படித்தவன்தான் பயந்து எழுதுவான் என்பது முதலாளியின் கட்சி. எந்தச் செய்திக்கும் எழுத்தில் இரண்டு சான்று வேண்டும், அது இரண்டாவது விதி. யாருடைய பிழை அச்சேறிவிட்டதோ அவரே உட்கார்ந்து, மைதாப் பசை காய்ச்சி, ஒவ்வொரு பிரதியிலும் திருத்தச் சீட்டைத் தன் கையால் ஒட்ட வேண்டும், அது மூன்றாவது. மற்ற கழகங்கள் கண்டுபிடிப்புகளுக்காகப் பெருமைப்படும், சாத்தூர்க் கழகம் தன் ஆய்வேட்டின் கடைசிப் பக்கத்துத் திருத்தங்களுக்காகப் பெருமைப்பட்டது.

கதவைத் தள்ளிக்கொண்டு முதலில் ஒரு பெண் வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கலாம், காற்றில் வெடித்த கன்னம், கம்பளி அங்கி, தலையில் வெள்ளைத் துணிச் சுற்று, ஒரு கையில் செம்புக்குடம், இன்னொரு கையில் முழங்கால் வரைக்கும் வருகிற ஆண்பிள்ளைத் தோல் பூட்ஸ் ஒரு ஜோடி. அவளுக்குப் பின்னால் படி நிறைய ஆட்கள், எல்லார் கையிலும் காலிக் குடம்.

"பதிப்பாசிரியர் அவர்கள் இவரே எனக் கொள்ளலாமா?" என்றாள் அவள்.

"நான் மெய்ப்புப் பாக்கறவன்" என்றார் தவசிலிங்கம். "நீங்க?"

"என் பெயர் அய்பேரி என்று குறிப்பிடப்படுகிறது. நாங்கள் கொர்பாலிக் என்னும் சிற்றூரைச் சேர்ந்தவர்கள். எம் பெண்கள் நாள்தோறும் பதினோரு மைல் நடந்து நீர் கொணர்வதாக நம்பப்படுகிறது. அது உண்மைதான். கால் வலிக்கிறது."

தவசிலிங்கத்தின் கையிலிருந்த சிவப்புப் பேனா மேசையில் உருண்டு, விளிம்பில் நின்றது.

கொர்பாலிக் என்று ஓர் ஊர் கிடையாது. அது கிடையாது என்று இந்த உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், இதே மேசையில், ராத்திரி ஷிப்டு முடித்து வந்த கண்ணோடு, கழகத்தின் பெரிய வரைபடத்தை மூன்று வாரமாக நகலெடுத்துக்கொண்டிருந்த அவருக்கு, முடிக்கிற அன்றைக்குக் காலையில் தலை ஒரு நொடி தொங்கிவிட்டது. நிப்பிலிருந்து ஒரு சொட்டு மை. மணல்வெளிக்கு நட்டநடுவில், ஆறும் இல்லாத, பாதையும் இல்லாத இடத்தில், உருண்டையாக, அழகாக, ஓர் ஊருக்கு வைக்கிற அதே அளவில் ஒரு புள்ளி. சுரண்டினால் தாள் கிழியும், கிழிந்தால் மறுபடி மூன்று வாரம். மை காய்வதற்குள் அதன் பக்கத்தில், வாயில் வந்த ஒரு பெயரை, நல்ல கையெழுத்தில் எழுதிவிட்டார்.

அவ்வளவுதான் அவர் செய்தது. மீதியைப் படிப்பு செய்தது. கழகத் தலைவர் ஆவுடையப்பன் சார், பூகோள வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவர், அந்த வரைபடத்தைப் பார்த்து ஒரு கட்டுரை எழுதினார். அந்தக் கட்டுரையைப் பார்த்து எங்கோ வெளிதேசத்தில் ஓர் அட்லஸ்காரர் தன் புத்தகத்தில் புள்ளி வைத்தார். ஆக இரண்டு சான்று. அதற்குப் பிறகு யார் தடுக்க முடியும்? கொர்பாலிக்கின் கல்யாண முறை, கொர்பாலிக்கில் வழங்கும் பெயர்கள், கொர்பாலிக்கின் ரொட்டி என்று பதினான்கு கட்டுரைகள் வந்துவிட்டன, ஒன்றின் தோளில் இன்னொன்று ஏறி. வரைபடத்தில் அந்த ஊர் பக்கத்தில் நீர்க்குறி இல்லையே என்று கவனித்து, "கொர்பாலிக்கில் கிணறு இல்லை, மிக அருகிலுள்ள ஊற்று பதினோரு மைலில்" என்று எழுதியவர் பல் டாக்டர். மனிதர் ஸ்கேல் வைத்து அளந்திருந்தார்.

"எப்படி வழி கண்டுபிடிச்சு வந்தீங்க?" என்று கேட்டார் தவசிலிங்கம். வேறெதையும் கேட்கத் தைரியம் வரவில்லை.

"ஆய்வேட்டின் பின்னட்டையில் முகவரி இருந்தது" என்றாள் அய்பேரி. "எங்களுக்கு ஒரு கிணறு எழுதித் தர வேண்டும். அது ஒன்று." அவள் தோல் பூட்ஸை மேசைமேல் வைத்தாள். அதில் மணல் ஒட்டியிருந்தது. "இன்னொன்று, என் கணவர் தெமிர். சென்ற இதழ் வந்த நாளில் ரொட்டி பிட்டுக்கொண்டிருந்தார். பாதி ரொட்டி தரையில் விழுந்தது. ஆள் இல்லை. வெறுங்காலோடு போயிருக்கிறார். எங்கே வைத்திருக்கிறீர்கள்?"

சென்ற இதழின் கடைசிப் பக்கம் தவசிலிங்கத்துக்குப் பாராமல் தெரியும். "கொர்பாலிக்கின் மக்கள்தொகை 41 என்பதை 40 எனத் திருத்திப் படிக்கவும்." முதலில் வந்த கட்டுரையில் நாற்பத்தொன்று, அதைப் பார்த்து எழுதிய இன்னொன்றில் நாற்பது. எது சரி என்று யாரையும் கேட்கவில்லை. இரண்டு எண் முரண்பட்டால் சிறியதை வைத்துக்கொள், அதுதான் பாதுகாப்பு என்பது மெய்ப்புக்காரனின் கைப்பழக்கம். சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்து, விளிம்பில் நாற்பது என்று எழுதியவர் அவர். பிழை கட்டுரைக்காரருடையது என்று சொல்லி, சீட்டு ஒட்டுகிற வேலையைக்கூட அந்த முதல் கட்டுரையை எழுதிய சேவுக் கடைக்காரர் தலையில் கட்டிவிட்டிருந்தார்.

"விசாரிச்சுச் சொல்லுதேன்" என்றார். அதைச் சொல்லும்போது அவரால் பூட்ஸைப் பார்க்க முடியவில்லை.

சாத்தூர் அவர்களை எடுத்துக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். நாற்பது பேரும் வைப்பாற்று மணலில் தட்டி கட்டி இறங்கினார்கள், மறுநாள் காலையில் தண்ணி லாரி வரிசையில் கடைசியில் போய் நின்றார்கள், அதோடு ஊருக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டது. எங்கிருந்து வந்தால் என்ன, வரிசையில் ஒழுங்காக நிற்கிறவர்கள் மனுசர்கள்தான் என்று ஆகிவிட்டது. பதினோரு மைல் நடந்து பழகியவர்களுக்கு இரண்டு மணி நேரம் நிற்பது கல்யாண வீட்டுக்கு வந்தது மாதிரி இருந்தது. இடிக்கவில்லை, ஏசவில்லை, அடுத்தவள் குடத்தைத் தள்ளி வைக்கவில்லை.

"இப்படி நின்னா நீங்க வெளங்கின மாதிரிதான்" என்று அவர்களைக் கையில் எடுத்துக்கொண்டவள் வார்டு கவுன்சிலர் முத்துராக்கு. தொண்டை பெரிது, மனசு அதைவிடப் பெரிது. "ஏ மதினி, லாரி வரும்போது இப்படி முழங்கையை விரிக்கணும். விரி. அந்தா, அவ உன்னைத் தாண்டிப் போறா பாரு. ஒரு வார்த்தை ஏசு."

அய்பேரி யோசித்துவிட்டு, "இச்செயல் கண்டிக்கத்தக்கது" என்றாள்.

வரிசை முழுவதும் சிரித்துச் சிரித்துக் குடத்தைப் பிடித்துக்கொண்டது.

ஒரு மாதத்தில் அவர்கள் பேச்சிலிருந்து "கருதப்படுகிறது" உதிர்ந்தது. இரண்டாம் மாதத்தில் "என்று தெரிகிறது" உதிர்ந்தது. பிள்ளைகள் வெள்ளரிப்பிஞ்சு விற்கப் போனார்கள், பஸ் நின்றால் ஜன்னலுக்கு ஜன்னல் ஓடினார்கள். கொர்பாலிக் ரொட்டியைச் சேவுக் கடைக்காரர் வாங்கித் தன் கண்ணாடிப் பெட்டியில் காராச்சேவுக்குப் பக்கத்தில் அடுக்கினார், கட்டுரையில் எழுதியதைவிட உப்பு கூட என்று உறுப்பினர்களிடம் ரகசியமாகச் சொன்னார். முத்துராக்கு தாலுகா ஆபீசில் உட்கார்ந்து, எழுந்திரிக்க மாட்டேன் என்று உட்கார்ந்து, எல்லாருக்கும் ரேஷன் அட்டை வாங்கிவிட்டாள். தண்ணி டோக்கன் பட்டியலையும் அவளே எழுதினாள். லாரி வந்த நாளெல்லாம் அய்பேரி இரண்டு டோக்கனுக்குத் தண்ணி பிடித்தாள். ஒன்று அவளுக்கு, ஒன்று தெமிருக்கு. தெமிரின் தண்ணீரைக் குடிசை வாசலில், பூட்ஸுக்குப் பக்கத்தில் வைப்பாள், சாயங்காலம் அது சூடேறிப்போனதும் வேப்பங்கன்றுக்கு ஊற்றுவாள்.

கழகத்தார் மட்டும் ஆற்றுப்பக்கம் போகவில்லை. அது விதிக்கு விரோதம். எதிரே வந்தால் தலையைக் குனிந்துகொண்டு, பார்க்காத மாதிரி, ஆனால் மரியாதையாக ஒதுங்கிப் போனார்கள்.

ஆனி மாதம் ஒரு கடிதம் வந்தது. வெளிதேசத்து நிலவியல் கூடம் ஒன்று, ஆகாசத்திலிருந்து எடுத்த போட்டோவோடு எழுதியிருந்தது. தாங்கள் குறிப்பிடும் இடத்தில் ஊர் எதுவும் காணப்படவில்லை, மணல் மட்டுமே. ஆவுடையப்பன் சார் அதை மூன்று தரம் படித்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், டைப்ரைட்டரை இழுத்துத் தானே ஒரு தாளைத் தட்டினார். தட்டி முடித்து, அறிவிப்புப் பலகையில் குண்டூசி குத்தினார். "வரைவுத் திருத்தம்: கொர்பாலிக் என்னும் ஊர் இல்லை. இதுவரை வந்த எல்லாக் குறிப்புகளையும் நீக்கிப் படிக்கவும்." பொதுக்குழு பதினைந்து நாள் கழித்து, இரண்டாம் ஞாயிறு, காலை பத்து மணி.

"சார்" என்றார் தவசிலிங்கம். "கீழ ஆத்துல நாப்பது பேர் இருக்காங்க."

"எதுல எழுதியிருக்கு?"

"எழுதல சார். இருக்காங்க."

"தவசி, நான் அந்த அம்மாவ நெதம் பாக்கேன். பால் வாங்கப் போறப்ப வணக்கம் சொல்லுதாங்க. எனக்கு மட்டும் நெஞ்சு இல்லையா? ஆனா பாத்ததை வச்சு எழுத ஆரம்பிச்சா நாமளும் ஊர்வம்பு பேசற மடம் ஆயிருவோம். முப்பத்தெட்டு வருஷத்துப் பேரு." சொல்லிவிட்டு, குத்தியிருந்த குண்டூசியை இன்னொரு தரம் அழுத்தினார். அது கோபமா வேறெதுவுமா என்று தவசிலிங்கத்துக்குத் தெரியவில்லை.

குண்டூசி குத்திய மறுநாள் தண்ணி வரிசையில் அந்த மாற்றம் தெரிந்தது. கொர்பாலிக் பெண்கள் குடத்தைக் கீழே வைத்தார்கள், சத்தம் வரவில்லை. கல்லில் செம்பு படுகிறது, பஞ்சில் பஞ்சு விழுந்த மாதிரி இருக்கிறது. இரண்டாம் நாள் அவர்கள் செருப்புக்குச் சத்தம் இல்லை. ஐந்தாம் நாள் பிள்ளைகள் வெள்ளரிப்பிஞ்சு கூவினால் வாய் அசைந்தது, பஸ்ஸில் யாரும் திரும்பவில்லை. கூடை அப்படியே திரும்பி வந்தது. ஊரில் ஒருவரும் இதை அதிசயம் என்று சொல்லவில்லை, ஏதோ ஒரு ஆபீசில் என்னமோ தப்பாக எழுதிவிட்டார்கள் என்றுதான் பேசிக்கொண்டார்கள், சாத்தூர் ஜனங்களுக்கு அது பழகிய விஷயம். ஆனால் வரிசையில் இருந்த பெண்கள் தங்கள் குடங்களை வேண்டுமென்றே ஓங்கி வைக்க ஆரம்பித்தார்கள், அந்தச் சத்தத்தில் கொஞ்சம் அவர்களுக்கும் ஒட்டிக்கொள்ளட்டும் என்பது போல.

பத்தாம் நாள் முத்துராக்கு மாடி ஏறி வந்தாள். "என்ன அண்ணாச்சி நடக்குது இங்க? அய்பேரி எங்கிட்டப் பேசுதா, பாதிதான் காதுல விழுது. கிணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி. ஒங்க போர்டுல என்ன ஒட்டியிருக்கீங்க?"

தவசிலிங்கம் பலகையைக் காட்டினார். அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். படித்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

"படிச்சவங்க எல்லாம் சேந்து ஒரு ஊரைக் கொல்லப் போறீங்க, அதுக்கு நோட்டீசு வேற."

பஸ் கண்டக்டர் குருவையா, கழகத்தின் இளைய உறுப்பினர், கொர்பாலிக்கின் போக்குவரத்து பற்றிக் கட்டுரை எழுதியவர், பொதுக்குழுவுக்கு முதல் நாள் பஸ் ஸ்டாண்டில் தவசிலிங்கத்தை ஓரமாக இழுத்துப்போனார். "அண்ணாச்சி, வரைபடம் நீங்க போட்டது. எங்க இருந்து எடுத்தீங்கன்னு நாளைக்குச் சார் கேப்பாரு. பழைய ருஷ்ய மேப்பு, கரையான் அரிச்சிருச்சுன்னு சொல்லிருங்க. இல்லைன்னு யாரு நிரூபிப்பா? போட்டோவுல மணல் மூடிருச்சுன்னு நான் எந்திரிச்சு ஒரு போடு போடுதேன்."

நல்ல யோசனைதான். தவசிலிங்கம் அந்தப் பொய்யைச் சிவகாசி பஸ்ஸில் உட்கார்ந்து சொல்லிப் பார்த்தார், ஷிப்டு முழுக்க மெஷின் சத்தத்துக்குள் சொல்லிப் பார்த்தார், விடிகாலை பஸ்ஸில் திரும்பி வரும்போதும் சொல்லிப் பார்த்தார். அது அச்சுக்கோத்த மாதிரி நன்றாகத்தான் நின்றது. ஆனால் அந்தப் பொய்யால் அவர்கள் பிழைத்தாலும் அதே புள்ளியில்தான் பிழைப்பார்கள், ஆறில்லாத மணலுக்கு நடுவில், தண்ணிக்குப் பதினோரு மைல் தள்ளி, நாற்பது பேராக. பொய் சொன்னால் அவர் நல்ல மெய்ப்புக்காரராகவே இருப்பார். அவருடைய கோடும் நல்ல கோடாகவே இருக்கும். தெமிர் வெறுங்காலோடு அந்தக் கோட்டுக்கு அடியிலேயே கிடப்பான்.

இரண்டாம் ஞாயிறு. முப்பத்தொரு நாற்காலி, முப்பத்தொரு டம்ளர் காபி, நடுவில் தட்டில் சேவு. யாரும் சேவைத் தொடவில்லை. கடித்தால் சத்தம் கேட்கும் என்று பயந்தது போல. சுவரோரமாக முத்துராக்கு, கையில் இரண்டு நோட்டோடு, வெளியாள் உட்காரக் கூடாது என்பதால் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் அய்பேரி. அவள் படி ஏறி வந்தது யாருக்கும் கேட்கவில்லை. ஜன்னல் வெளிச்சம் அவள் மேல் படுவதற்குக் கொஞ்சம் தயங்கிற்று.

"வரைபடத்தை வரைந்தவர் சான்று சொல்லட்டும்" என்றார் ஆவுடையப்பன் சார். கூட்டத்தில் மட்டும் அவர் எழுத்துத் தமிழில் பேசுவார். "கொர்பாலிக் எந்த மூலத்திலிருந்து எடுக்கப்பட்டது?"

குருவையா மேலே பார்த்துக்கொண்டார். தவசிலிங்கம் எழுந்தார். முழங்கால் நாற்காலியில் இடித்தது.

"என் நிப்புல இருந்து விழுந்தது சார்."

"புரியவில்லை."

"மை. ராத்திரி வேலை முடிச்சு வந்திருந்தேன். தூங்கிட்டேன் ஒரு நிமிசம். சொட்டிருச்சு. தாளைக் கிழிக்க மனசு வராம பேரு வச்சேன். ருஷ்ய மேப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல."

அறையில் மூச்சு விடுகிற சத்தம்கூட நின்றது. தவசிலிங்கம் அய்பேரியைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் இருந்த சுவர்க் காலண்டரின் தேதி அவள் தோள் வழியாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. அவள் பூட்ஸை மார்போடு அணைத்துக்கொண்டாள். பூட்ஸ் மட்டும் கெட்டியாக இருந்தது.

"அப்படியானால் முடிந்தது" என்றார் ஆவுடையப்பன் சார், மிக மெதுவாக. பேனா மூடியைக் கழற்றினார்.

"முடியல சார். அந்த எடத்துல ஊர் இல்லன்னுதான் ஆச்சு. ஊரே இல்லன்னு ஆகல." தவசிலிங்கத்தின் குரல் இப்போது அவசரப்பட்டது. "நம்ம விதிப் புத்தகத்துல ஊருக்கு முதலாளி ஒரு இலக்கணம் எழுதியிருக்காரு. படிங்க சார்."

விதிப் புத்தகத்தைப் புரட்ட யாருக்கும் தேவை இருக்கவில்லை. ஆவுடையப்பன் சார் மனப்பாடமாகச் சொன்னார். "முப்பது பேருக்குக் குறையாமல், ஒரே நீரை நம்பி, ஒன்றாக வாழும் இடம் ஊர் எனப்படும்." சொல்லி முடித்துவிட்டு, பேனா அப்படியே நிற்க, சுவரோரத்தைப் பார்த்தார்.

முத்துராக்கு இரண்டு நோட்டையும் மேசையில் பொத்தென்று போட்டாள். "ரேஷன் பட்டியலோட நகல், தாசில்தார் சீல் இருக்கு. இது டோக்கன் நோட்டு, நகராட்சி சீல் இருக்கு. சொந்த ஊருன்னு போட்ட கட்டத்துல எல்லாருக்கும் கொர்பாலிக்னு எழுதியிருக்கு, இருக்குமிடம்னு போட்ட கட்டத்துல வைப்பாத்துப் படுகை, சாத்தூர்னு எழுதியிருக்கு. எழுத்துல ரெண்டு வேணும்னீங்களே. எண்ணிக்கிடுங்க."

எண்ணினார்கள். பல் டாக்டர் ஒரு நோட்டு, சேவுக் கடைக்காரர் ஒரு நோட்டு. விரல் ஒவ்வொரு பெயராக இறங்கிற்று.

"நாற்பது" என்றார் பல் டாக்டர்.

"நாப்பத்தொண்ணு" என்றார் சேவுக் கடைக்காரர்.

மறுபடி எண்ணினார்கள். நாற்பது. நாற்பத்தொன்று. தாலுகா ஆபீஸ்காரர் தலையை எண்ணி எழுதியிருந்தார், முத்துராக்கு அய்பேரி சொன்னதை எழுதியிருந்தாள். ஆவுடையப்பன் சாரின் முகம் சாம்பலாகிவிட்டது. "இரண்டு சான்றும் முரண்படுகின்றன" என்றார். "முரண்பட்டால் இரண்டும் செல்லாது."

"வழக்கமா என்ன செய்வோம், சின்ன எண்ணை வச்சுக்கிடுவோம்ல?" என்றார் குருவையா பரபரப்பாக. "தவசி அண்ணாச்சி எப்பவும் அப்படித்தான செய்வாரு? ஒரு ஆளை வெட்டிட்டா நாப்பது பேரும் தப்பிச்சிருவாங்க. அண்ணாச்சி, கோட்டைப் போடுங்க!"

யாரோ தவசிலிங்கத்தின் முன்னால் டோக்கன் நோட்டை நகர்த்தினார்கள். விரிந்த பக்கத்தில், முத்துராக்குவின் குண்டுக் கையெழுத்தில், தெமிர். சிவப்புப் பேனா அவர் கையில்தான் இருந்தது, எப்போது எடுத்தார் என்று தெரியவில்லை. ஒரு விரற்கடைக் கோடு. நாற்பது பேர், பிள்ளைகள், ரொட்டி, வெள்ளரிக் கூடை எல்லாம் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம். அய்பேரி அவரைப் பார்த்து வாயசைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. பிறகு அவள் பூட்ஸைத் தரையில் வைத்தாள். தன் கையால், ஜோடி சேர்த்து, முனை அவரைப் பார்த்தபடி. போடு என்கிறாளா, போடாதே என்கிறாளா? நாற்பது பேருக்குத் தாயாகவும் ஒருத்தனுக்குப் பெண்டாட்டியாகவும் ஒரே நேரத்தில் நிற்கிறவள் முகத்தில் அதை எப்படிப் படிப்பது?

தவசிலிங்கம் பேனாவை மூடினார்.

"போன இதழ்ல நாப்பத்தொண்ணை நாப்பதாக்கினது நான்" என்றார். "எந்தச் சான்றும் பாக்கல. யாரையும் கேக்கல. சின்னது நல்லதுன்னு கை தானா இழுத்துருச்சு. பழியைக் கட்டுரைக்காரர் மேல போட்டேன், பசை காய்ச்சச் சேவுக் கடை அண்ணாச்சியை விட்டேன். சான்றில்லாத திருத்தம் விதிப்படி செல்லுமா சார்?"

ஆவுடையப்பன் சார் கழற்றிய பேனா மூடியை மறுபடி மாட்டினார். கீழே தெருவில் யாரோ சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

"செல்லாது."

"தாலுகாக்காரர் எண்ணின தலை என் திருத்தத்துக்கு அப்புறம் எண்ணினது. என் பிழையைப் பாத்து எழுதின நகல். நகலை மூலத்துக்கு எதிரா நிறுத்தக் கூடாதுன்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதான். மூலம் நாப்பத்தொண்ணு."

வாத்தியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டார். அவருடைய வெறும் கண்கள் முதல்தடவையாக அய்பேரியை நேராகப் பார்த்தன. பிறகு வரைவுத் திருத்தத்தைப் பலகையிலிருந்து எடுத்துவரச் சொன்னார், அதன் பின்பக்கத்தில், ஒரு வார்த்தை அடிக்காமல் எழுதினார்.

"ஒன்று. கொர்பாலிக் இருக்குமிடம் வைப்பாற்றுப் படுகை, சாத்தூர் எனத் திருத்திப் படிக்கவும். இரண்டு. அதன் மக்கள்தொகை 40 என்பதை 41 எனத் திருத்திப் படிக்கவும். பிழைக்குப் பொறுப்பு: தவசிலிங்கம், மெய்ப்பு."

"அப்ப சாத்தூர் நடு ஆசியாவுல இருக்குன்னு ஆயிருச்சா சார்?" என்றார் குருவையா.

"அதுக்கு ரெண்டு சான்று வேணும்" என்றார் ஆவுடையப்பன் சார் பேச்சுத் தமிழில், சேவுத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே. அவர் கடித்தார். மொறுக்கென்ற அந்தச் சத்தத்தோடு முப்பத்தொரு பேரும் மூச்சு விட்டார்கள்.

புதன்கிழமை இதழ்க் கட்டுகள் வந்து இறங்கின. முந்நூற்று நாற்பது பிரதிகள், முந்நூற்று நாற்பது சீட்டுகள். தவசிலிங்கம் காலை பஸ்ஸில் வந்து, ஸ்டவ்வில் மைதாப் பசை காய்ச்சி, பூச்சி அரிக்காமலிருக்கத் துளி மயில்துத்தம் போட்டுக் கிளறி, ஆறவைத்து உட்கார்ந்தார். தட்டையான தூரிகையால் பசை, கடைசிப் பக்கம், சீட்டு, உள்ளங்கையால் ஒரு நீவல். எதிரே தரையில் அய்பேரி, குடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. பூட்ஸை வாசலுக்கு வெளியே, செருப்புகளோடு விட்டிருந்தாள். நூறு ஆயிற்று. நூற்றைம்பது ஆயிற்று. ஒவ்வொரு சீட்டும் ஒட்டும்போது அவள் கழுத்து வாசலுக்குத் திரும்பி, திரும்பி வந்தது.

"கெணறு எழுதலை நீங்க" என்றாள் ஒரு தரம். குரல் முழுசாகக் கேட்டது.

"லாரி வரும்ல."

"ஒங்க ஊர் லாரி. வந்தாத்தான் வருது." சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "அண்ணாச்சி, எல்லாத்தையும் ஒட்டி முடிச்சும் வரலைன்னா?"

தவசிலிங்கம் இருநூற்றுப் பதினெட்டாவது பிரதியை எடுத்தார், பசை தடவினார், சீட்டை வைத்து நீவினார்.

கீழே படியில் ஒரு சத்தம். வெறுங்கால் சிமெண்டில் ஒட்டி ஒட்டி எழும்புகிற சத்தம், மெதுவாக, ரொம்ப தூரம் நடந்த கால். வாசலில் நின்றது. பிறகு தோலுக்குள் கால் நுழைகிற அந்த இறுக்கமான சத்தம், ஒன்று, இன்னொன்று, மணல் உதறித் தட்டுகிற சத்தம். அய்பேரி எழுந்தபோது அவள் முழங்கால் பட்டு, செம்புக்குடம் கவிழ்ந்து, அறை முழுக்க மணி அடித்த மாதிரி உருண்டது.

தவசிலிங்கம் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்ப்பது விதிக்கு விரோதம், அதோடு கண்ணும் கொஞ்சம் சரியில்லை. தூரிகையைப் பசைக்குள் முக்கி, விளிம்பில் வழித்து, இருநூற்றுப் பத்தொன்பதாவது பிரதியின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார்.